பிரிட்டோன் இல்லாத ஏழு நாள்

"நேத்து ராத்திரி ஏதும் குளிசை குடிச்சீங்களா?"

தாதி கேட்டபோது நான் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தேன். மேசையில் பதினைந்து சின்னக் குப்பிகள் வரிசையாக நின்றன.

"இல்ல மிஸ். தடிமனுக்கு மட்டும் ஒண்ணு போட்டேன்."

அவர் ஒன்றும் பேசவில்லை. திறந்து வைத்திருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார். கடைசிக் குப்பியையும் மூடிய பிறகுதான் சொன்னார்: "அந்தத் தடிமன் குளிசைக்குள்ள இருக்கிறது பிரிட்டோன்தான். இன்னைக்குச் செய்தா உங்க தோல் பொய் சொல்லும். வேற திகதி எடுத்திட்டுப் போங்க."

ஒரு நாள் லீவு, விடிகாலை பஸ், ஒன்றரை மாதம் காத்திருந்த திகதி, எல்லாம் ஒரு மஞ்சள் குளிசையில் போயிற்று. பிழை என்னுடையதுதான். ஒரு வாரத்துக்கு ஒவ்வாமை மருந்து எதுவும் எடுக்கக் கூடாது என்று கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. தடிமன் மருந்தை ஒவ்வாமை மருந்தாக நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பிரிட்டோன் இல்லாத வீடு அநேகமாக இல்லை. கடித்தால் பிரிட்டோன், தும்மினால் பிரிட்டோன், பிள்ளை இரவில் தூங்காவிட்டாலும் சில வீடுகளில் பிரிட்டோன் பாணி. குளோர்பெனிரமின் என்ற அந்த மருந்து செய்யும் வேலை ஒன்றுதான். உடலில் சுரக்கும் ஹிஸ்டமினை அதன் இடத்தில் போய் உட்காரவிடாமல் மறிக்கிறது. தோல் தடிப்பதும் கடிப்பதும் மூக்கு ஒழுகுவதும் பெரும்பாலும் ஹிஸ்டமினால். தோலில் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனை நம்பியிருப்பதும் அதே ஹிஸ்டமினைத்தான். ஆகவே, வருத்தத்தை அடக்கும் குளிசை பரிசோதனையையும் சேர்த்து அடக்கிவிடும்.

கண்டி மூக்குக்குக் கஷ்டமான ஊர். சுற்றிலும் மலை, நடுவில் குளம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். மழை விட்டாலும் சுவரின் ஈரம் விடாது. அலுமாரியைத் திறந்தால் பூஞ்சண வாசம் அடிக்கும். இலவம்பஞ்சு மெத்தை வெயில் காணாமல் மாதக்கணக்கில் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசிச் செல்லுக்கு (வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணியைத்தான் சொல்கிறேன்) இதைவிடச் சுகமான வாழ்விடம் கிடையாது. இதற்கு மேல், பஸ் தரிப்பிடங்களிலும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் நாள் முழுக்க நிற்கும் வாகனங்களின் புகை மலைகளுக்கு நடுவே கிண்ணத்தில் ஊற்றியது போல் தேங்கிவிடுகிறது. ஆவணி பிறந்து பெரஹரா வந்தால் கொப்பறைத் தீப்பந்தங்களின் புகையும் சேரும். இழுப்புக்காரர்கள் அந்தப் பத்து நாளும் டவுன் பக்கம் போவதில்லை.

இதில் தூசிச் செல்லும் பூஞ்சணமும் ஒவ்வாமைப் பொருட்கள். அவற்றுக்குப் பரிசோதனை உண்டு. வாகனப் புகையும் பந்தப் புகையும் அப்படியல்ல. அவை மூச்சுக்குழாயை நேரடியாக எரிச்சலூட்டுபவை. எந்தக் குப்பியிலும் அவை அடைக்கப்படவில்லை. "எல்லாத்துக்கும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க டொக்டர்" என்று கேட்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எல்லாவற்றுக்கும் என்று ஒரு பரிசோதனை இல்லை. எதற்கு என்று நீங்கள் சொன்னால்தான் பரிசோதனை தொடங்கும்.

கொப்பியில் எழுதுங்கள்

ஒவ்வாமை வைத்தியரிடம் முதல் தடவை போகிறவர்களில் பலர் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். ஊசி இல்லை, இரத்தம் எடுக்கவில்லை, அரை மணி நேரம் கேள்வி மட்டும். "இதுக்கா இவ்வளவு காசு கட்டி சனல் பண்ணினோம்?" என்று வெளியில் வந்து முணுமுணுப்பார்கள். ஆனால் பரிசோதனையின் பெரும் பகுதி அந்த அரை மணி நேரத்தில்தான் முடிகிறது.

என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்தில் கடி தொடங்கியது, உதடு வீங்கியதா, வயிறு பிரட்டியதா, மயக்கம் வந்ததா, அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு என்ன நடந்தது, அன்றைக்கு வலிக்குளிசை ஏதும் போட்டிருந்தீர்களா, மலை ஏறினீர்களா, ஓடினீர்களா? இதையெல்லாம் கிளினிக்கில் யோசித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தடிப்பு வந்த அன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். தடிப்புக்கு ஒரு குணம் உண்டு: டொக்டரைக் கண்டால் மறைந்துவிடும்.

மருந்து விஷயத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பாமசியில் குளிசையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். உறையின் மேல் "காலை 1, இரவு 1" என்று இருக்கும், பெயர் இருக்காது. "வெள்ளையா, வட்டமா இருந்திச்சு" என்று நீங்கள் சொன்னால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள், அல்லது அட்டையையே கொண்டு போங்கள். பழைய டயக்னோசிஸ் கார்டு இருந்தால் அதுவும் கிளினிக் கொப்பியும் கட்டாயம். நாட்டு மருந்து குடிக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

வேலையைப் பற்றிச் சொல்ல மறந்துவிடாதீர்கள். தேயிலைத் தொழிற்சாலையின் தூசு சிலருக்கு இழுப்பைக் கொண்டுவரும் என்று 1970இல் ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியவர் இலங்கை வைத்தியர் சி. ஜி. உரகொட. வெலிசறை மார்புநோய் வைத்தியசாலையில் இருந்தவர். பிறகு கறுவாத் தொழிலாளர்களுக்கு வரும் இழுப்பையும் ஆராய்ந்தார். கலஹாவிலோ தெல்தோட்டையிலோ தொழிற்சாலையில் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிற ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நெஞ்சு லேசாக இருக்கிறது என்றால், அந்த ஒரு வரி பத்துக் குப்பிகளுக்குச் சமம். வெளிநாட்டிலிருந்து வரும் பரிசோதனைக் குப்பிகளில் தேயிலைத் தூசைத் தேடி அலைய வேண்டாம். கொப்பிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இருபது நிமிடம்

இரண்டாவது தடவை நான் ஒழுங்காகப் போனேன். ஏழு நாள் பிரிட்டோன் இல்லை, செற்றிரிசின் இல்லை, தடிமன் குளிசை இல்லை, இருமல் பாணியும் இல்லை. மூன்றாம் நாள் இரவு மூக்கு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டபடி கிடந்தது வேறு கதை.

எத்தனை நாள் நிறுத்துவது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். பெரும்பாலான இடங்களில் ஐந்திலிருந்து ஏழு நாள் சொல்வார்கள். சில மருந்துகளுக்கு அதைவிட அதிகம். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற குளிசைகளும் தோலை அடக்கும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிக் கொடுத்த வைத்தியரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். இரத்த அழுத்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதிலும் பீற்றா புளொக்கர் வகை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒருவேளை கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டால், அதற்குக் கொடுக்கும் அட்ரினலின் அவர்களிடம் சரியாக வேலை செய்யாமல் போகலாம். இழுப்புக்கு உறிஞ்சும் பம்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். அது தோல் பரிசோதனையைக் கெடுப்பதில்லை. இழுப்பு கூடியிருக்கும் நாளில்தான் பரிசோதனையே செய்யமாட்டார்கள். ஸ்டீரொயிட் கிறீமைச் சோதிக்கப்போகும் கையில் மட்டும் சில நாள் பூசாமல் விடுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டே போங்கள்.

முன்கையின் உட்புறத்தைத் துடைத்து, பேனாவால் இலக்கம் போட்டார்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு துளி. தூசிச் செல், கரப்பான், பூனை முடி, நாய் முடி, இரண்டு வகைப் பூஞ்சணம், இறால், முட்டை, பால் என்று போயிற்று. பிறகு ஒரு சின்னக் கூர்முனை. குத்தவில்லை, துளிக்குள் விட்டு தோலை மெல்லக் கிள்ளியது போல் எடுத்தார்கள். இரத்தம் வரவில்லை. ரோஜாச் செடியில் கை பட்டதைவிடக் குறைவான வலி. சின்னப் பிள்ளைகளுக்கு முதுகில் செய்வதுண்டு. கைக்குழந்தைக்கும் செய்யலாம். பேராதனைச் சிறுவர் வைத்தியசாலை வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாய்மாரிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: "ஊசியே இல்ல செல்லம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், எண்ணிக்கிட்டே இருப்போம்" என்று சொல்லுங்கள். எண்ணுகிற பிள்ளை அழுவது குறைவு.

துளிகளில் இரண்டு மட்டும் ஒவ்வாமைப் பொருள் அல்ல. ஒன்று வெறும் உப்புநீர். அது தடிக்கக் கூடாது. தடித்தால் உங்கள் தோல் எதைத் தொட்டாலும் தடிக்கும் தோல், மற்றவற்றை நம்ப முடியாது. மற்றது ஹிஸ்டமின். அது கட்டாயம் தடிக்க வேண்டும். தடிக்காவிட்டால் நீங்கள் எங்கோ ஒரு குளிசை போட்டிருக்கிறீர்கள். தாதி சொன்ன "தோல் பொய் சொல்லும்" என்பதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அப்புறம் பதினைந்து இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். இதுதான் பரிசோதனையிலேயே கொடுமையான பகுதி, ஏனென்றால் கடிக்கும், சொறியக் கூடாது. நம்முடைய நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே தாதி விரலால் தடவிப் பார்த்து, தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, சின்ன அடிக்கோலால் அளந்தார். உப்புநீர்த் துளியைவிட 3 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் அது எழுதப்படும். உடம்பு முழுக்க எதிர்வினை வருவது அபூர்வம். ஆனாலும் அட்ரினலின் பக்கத்திலேயே இருக்கும், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்வார்கள். பஸ் போய்விடும் என்று எழுந்து ஓடாதீர்கள்.

தொட்டால் வரும் தோல் வருத்தத்துக்குச் செய்வது இது அல்ல. தலைமயிர்ச் சாயம், சீமெந்து, இறப்பர் செருப்பு, ஒட்டுப்பொட்டு, கவரிங் நகை, இப்படியானவற்றுக்கு முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்வார்கள். தோல் வைத்தியரின் வேலை அது. திங்கட்கிழமை ஒட்டினால் புதன் எடுத்து, வியாழனோ வெள்ளியோ மறுபடி பார்ப்பார்கள். இடையில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. ஆகவே கல்யாண வீடு, திருவிழா, கொழுந்துப் பறிப்பு எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்துத் திகதி எடுங்கள்.

குளவி என்றால் எந்தக் குளவி?

மலையகத்துச் செய்தித்தாள்களில் மாதம் தவறாமல் வரும் தலைப்பு ஒன்று உண்டு: குளவிக்கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில். ஹந்தானையிலிருந்து ரங்கலை வரை எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். ஆனால் "குளவி" என்று நம் ஆட்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு பூச்சிகளை. ஒன்று பாறையிலும் பெரிய மரத்திலும் கறுப்புப் போர்வை போல் தொங்கும் மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. மற்றது மண்நிறக் கூடு கட்டும் மஞ்சள் பட்டைக் குளவி, சிங்களத்தில் தெபரா.

ஒவ்வாமைப் பரிசோதனைக்கு வந்தால் இந்த வித்தியாசம் உயிர்ப்பிரச்சினை. தேனீயின் விஷமும் குளவியின் விஷமும் வேறு வேறு. ஒன்றுக்கு ஒவ்வாதவருக்கு மற்றது ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். கொட்டிய இடத்தில் கொடுக்கு நின்றிருந்தால் அது தேனீ. குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுப்போகாது. கூட்டின் படம், செத்த பூச்சி ஒன்று, எது கிடைத்தாலும் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டு போங்கள். வைத்தியர் சிரிக்கமாட்டார், சந்தோஷப்படுவார். சந்தையில் கிடைக்கும் பரிசோதனைப் பொருட்கள் பெரும்பாலும் மேற்கத்தைய தேனீயின் விஷத்தையும் அங்கத்தைய குளவிகளின் விஷத்தையும் வைத்துச் செய்யப்பட்டவை. நம் மலைத்தேனீக்கும் அதற்கும் உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆகவே இங்கேயும் கதைதான் முதல் சாட்சி.

இன்னொரு குழப்பமும் உண்டு. நூறு குளவி ஒன்றாகக் கொட்டி ஒருவர் இறந்தால் அது ஒவ்வாமையால் வந்த மரணமாக இருக்க வேண்டியதில்லை. விஷத்தின் அளவே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஒரேயொரு கொட்டில் முகம் வீங்கி, மூச்சு இறுகி, தலை சுற்றி விழுந்தவர்தான் பரிசோதனைக்குப் போக வேண்டியவர். அதுவும் உடனே அல்ல. பெரிய எதிர்வினைக்குப் பிறகு சில வாரங்களுக்கு உடல் வெறுமையாகி நிற்கும். அப்போது சோதித்தால் இல்லை என்று வரலாம். நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரைக்கும் தனியாகக் கொழுந்து மலைக்குப் போகாதீர்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். பிரிட்டோன் அங்கே உயிரைக் காப்பாற்றாது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் காப்பாற்றும். கொட்டு வாங்கியவரை உட்கார வைத்து பிரிட்டோனும் தேநீரும் கொடுத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை எப்போது விடப்போகிறோமோ தெரியவில்லை.

ஒவ்வாத மீனா, கெட்ட மீனா?

கண்டிக்கு மீன் லொறியில் வருகிறது. நீர்கொழும்பு, திருகோணமலை என்று எங்கிருந்தோ ஏறி, ஐஸ் உருகி, மறுபடி ஐஸ் போட்டு, கட்டுகஸ்தோட்டைச் சந்தைக்கு வந்து சேரும்போது அதன் வயது யாருக்கும் தெரியாது. பலயா, கெலவல்லா, கும்பளா போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். குளிர் குறைந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதே ஹிஸ்டமின்தான். சாப்பிட்ட அரை மணிக்குள் முகம் சிவந்து கொதிக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பெல்லாம் தடிக்கும். பார்க்கிறவர் யாராக இருந்தாலும் "மீன் ஒத்துக்கல்ல" என்றுதான் சொல்வார்.

ஆனால் உடம்புக்கு மீன் ஒவ்வாததல்ல அது, மீன் கெட்டுப்போனது. வதக்கினாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. சோதனைக்குப் போனால் மீனுக்கு ஒன்றும் தடிக்காது. அப்போது நோயாளி பரிசோதனையைக் குறை சொல்வார். முன்னே சொன்ன உரகொடதான் இதிலும் ஒரு நுட்பத்தைக் கண்டுபிடித்தார். 1977இல் கொத்தேகொட என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், காசநோய்க்கு ஐசோனியாசிட் குளிசை எடுப்பவர்கள் ஹிஸ்டமின் கூடிய மீன் சாப்பிட்டால் இப்படிச் சிவந்து தலையிடித்து அவதிப்படுகிறார்கள் என்று காட்டினார். ஹிஸ்டமினை உடைக்கும் நொதியை அந்தக் குளிசை தடுத்துவிடுகிறது. மீனையும் மருந்தையும் ஒரே கொப்பியில் எழுதச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

எப்படிப் பிரித்தறிவது? மேசையில் இருந்த நாலு பேருக்கும் வந்ததா, உங்களுக்கு மட்டுமா? அந்த மீனை வேறு நாளில் சாப்பிட்டபோது என்ன நடந்தது? வாயில் மிளகு கடித்தது போல் ஒரு காரம் இருந்ததா? நாலு பேருக்கும் வந்திருந்தால் உங்களுக்கு வேண்டியது ஒவ்வாமை வைத்தியர் அல்ல, வேறு மீன்காரர்.

மாட்டிறைச்சியில் இதற்கு நேர்மாறான புதிர். இரவு எட்டு மணிக்குக் கல்யாண வீட்டில் சாப்பிட்டவர் நடுச்சாமம் ஒரு மணிக்கு உடம்பெல்லாம் தடித்து எழும்புவார். ஐந்து மணி நேரம் போய்விட்டதால் இறைச்சியை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள், பாய்விரிப்பைச் சந்தேகிப்பார்கள். பாலூட்டிகளின் சதையில் உள்ள அல்பா-கால் என்ற சர்க்கரைக்கு வரும் ஒவ்வாமை அது. மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் தாமதித்து வரும். உண்ணி கடித்ததன் மூலம் உடம்பு அந்தச் சர்க்கரையை எதிரியாகப் பார்க்கப் பழகிக்கொள்கிறது. இந்த வகை இலங்கையிலும் பதிவாகியிருக்கிறது. இதற்குத் தோல் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. இரத்தத்தில் அல்பா-காலுக்கென்றே தனியாகத் தேட வேண்டும். ஆனால் தேட வேண்டும் என்று தோன்றுவதற்கு "எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு எழும்பினேன்" என்ற இரண்டு இலக்கங்கள் வேண்டும்.

இரத்தம் என்ன சொல்லும்?

இரத்தப் பரிசோதனைக்கு மருந்து நிறுத்த வேண்டியதில்லை, பட்டினி கிடக்க வேண்டியதில்லை, தோல் முழுக்கக் கரப்பன் உள்ளவருக்கும் செய்யலாம். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவு நாட்டில் இந்தத் துறையின் முதன்மை இடம். கண்டியிலிருந்து வைத்தியர் கடிதம் கொடுத்தனுப்பும் இடங்களில் அதுவும் ஒன்று. தனியார் ஆய்வுகூடங்களும் இரத்தம் எடுத்து அனுப்புகின்றன.

ஆய்வுகூடத்தில் நீங்களாகப் போய் "அலர்ஜி பனல்" என்று கேட்டால் முப்பது நாற்பது பெயர் கொண்ட தாள் ஒன்று வரும். அதில் ஹேசல்நட் இருக்கும், நாம் கண்ணால் கண்டிராத ஐரோப்பியப் புல் இருக்கும். பலாக்காய் இருக்காது, பலயா இருக்காது. தேங்காய் இருந்தால் அதிர்ஷ்டம், தேங்காய்ப்பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த நாட்டில் இருந்தும்கூட. அந்தத் தாளில் ஏழெட்டு இடத்தில் "பொசிட்டிவ்" என்று இருக்கும். அதைப் பார்த்து முட்டை, பால், கோதுமை, கச்சான் எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை மெலிய விட்ட வீடுகள் உண்டு. பொசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைச் சாப்பிட்டால் வருத்தம் வரும் என்று அர்த்தமல்ல. இரத்தத்தில் ஐஜிஈ என்ற ஒவ்வாமைப் புரதத்தின் மொத்த அளவு கூடியிருக்கிறது என்று சொல்லிப் பயந்து வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வயிற்றுப் புழு இருந்தாலும் அது கூடும். 1910களில் ராக்பெல்லர் நிதியம் கொக்கிப்புழுவை ஒழிக்க வந்து இறங்கியது இந்த மலைநாட்டுத் தோட்டங்களில்தான். புழு மருந்து எப்போது குடித்தீர்கள் என்று கேட்டால் அவமானப்படாமல் பதில் சொல்லுங்கள்.

இன்னொரு வகை இரத்தப் பரிசோதனை, ஐஜிஜி என்ற வேறொரு புரதத்தை அளந்து "உங்களுக்கு ஒத்துவராத தொண்ணூறு உணவுகள்" என்று பட்டியல் போட்டுத் தரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஒவ்வாமை நிபுணர் சங்கங்கள் இதைப் பரிந்துரைக்கவில்லை. நீங்கள் அடிக்கடி சாப்பிடுகிற எதற்கும் ஐஜிஜி இருக்கும். சோறு ஒத்துக்கொள்ளாது என்று காசு கொடுத்து எழுதி வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

கடைசியாக மருந்து ஒவ்வாமை. 2023 ஜூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட பிறகு இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். கண்டி முழுக்கப் பல வாரம் வேறு பேச்சு இருக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஊசிக்கும் "டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்காத உறவினர் இல்லை. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் முன்னர் எந்த எதிர்வினையும் வராத ஒருவருக்கு எந்த மருந்து ஆபத்தாகும் என்று முன்கூட்டிச் சொல்லும் பொதுப் பரிசோதனை உலகில் எங்கும் கிடையாது. முன்னர் வந்தவருக்குத்தான், அதுவும் பென்சிலின் போன்ற சில மருந்துகளுக்குத்தான், தோலில் பார்த்துச் சொல்ல முடியும். அப்படிப் பார்த்தபோது உலகளவில் தெரியவந்த விஷயம் விசித்திரமானது. "பென்சிலின் ஒவ்வாது" என்று அட்டையில் எழுதப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதை நல்லபடியாகத் தாங்கிக்கொள்கிறார்கள். சின்ன வயதில் காய்ச்சலோடு வந்த தடிப்புக்கு அம்மா மருந்தைக் குற்றம் சொல்லியிருப்பார், அது அட்டையில் ஏறி ஆயுளுக்கும் நின்றிருக்கும். ஆகவே மருந்தின் பெயர், ஆண்டு, எத்தனையாவது வேளையில், என்ன நடந்தது, இவ்வளவையும் எழுதி ஒரு துண்டைப் பர்ஸில் வையுங்கள். "ஏதோ ஊசி, சின்ன வயசுல" என்று சொன்னால் எந்த வைத்தியருக்கும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது தடவை போன அன்றைக்கு என் கையில் இரண்டு தடிப்பு. தூசிச் செல்லுக்கு ஒன்று, எட்டு மில்லிமீற்றர், உழுந்து வடையின் ஓட்டை மாதிரி வட்டமாக. இறாலுக்கு ஒன்று, நான்கு. அம்மா அப்போதே கைபேசியில் அழைத்துவிட்டார்.

"என்னடா வந்திச்சு?"

"தூசியும் இறாலும்."

"இறாலா? அப்ப இனி இறால் சமைக்கேலாது." மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

வைத்தியர் தாளைப் பார்த்தார். "கடைசியா எப்ப இறால் சாப்பிட்டீங்க?"

"போன ஞாயிறு."

"எவ்வளவு?"

"ஒரு கோப்பை நிறைய. பொரியல்."

"ஒண்ணும் ஆகலியே?"

"இல்ல."

தூசிச் செல்லிலும் இறாலிலும் ஒரே மாதிரியான புரதம் ஒன்று இருக்கிறது என்றார். தூசிக்கு ஒவ்வாத தோல், இறாலைப் பார்த்ததும் தூசி என்று நினைத்துக் கை தூக்கிவிடும். என் கொப்பியை வாங்கிப் புரட்டினார். ஆறு வாரத்தில் நாலு ஞாயிறு இறால் இருந்தது, எந்தத் திங்களிலும் வருத்தம் இல்லை. வருத்தம் எழுதியிருந்த பக்கங்களில் எல்லாம் "மழை", "மெத்தை", "அலுமாரி துப்புரவு" என்றே இருந்தது. பேனாவை எடுத்து, தாளில் இறால் என்று இருந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார். மெத்தையை வெயிலில் போடுங்கள், தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒரு முறை கொதிநீரில் துவையுங்கள் என்று எழுதித் தந்தார்.

வெளியே வந்து அம்மாவுக்கு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கிலோ சொல்லி வைக்கச் சொன்னேன்.